வசனம் மறந்த எருமை

ஒரு காட்டில், வீட்டுக்கு வீடு டி.வி. வந்து சேர்ந்த காலத்தில், தையல்நாயகி என்ற எருமை இருந்தாள். நாற்பது வருஷமாக சினிமாவில் துணை நடிகை. பக்கத்து வீட்டுக்காரி, காப்பி கொண்டுவரும் அத்தை, எழவு வீட்டில் ஓரமாக உட்கார்ந்து அழுகிறவள், எல்லாம் அவள்தான். "நான் இல்லாத படமே கிடையாது. நான் கண்ணுல படுற படமும் கிடையாது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஒரு பெருமை மட்டும் உண்டு. இதுவரை ஒரு வசனத்தைக்கூட மறந்ததில்லை. படத்துக்கு ஒரு வசனம்தான் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

அறுபத்திரண்டு வயதில் அதிர்ஷ்டம் அடித்தது. ஏழு மணி நகைச்சுவைத் தொடரில் மாமியாராக நடித்த கரடி வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். ஒரே ஒரு நாள் வந்து போகும்படி தையல்நாயகியைக் கூப்பிட்டார்கள்.

மருமகள் முயல் அழுதுகொண்டே, "அத்தை, நான் வீட்டை விட்டுப் போறேன்!" என்றாள்.

கேமரா தன் முகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து தையல்நாயகி பார்த்ததில்லை. வசனம் பறந்துவிட்டது. அசை போட்டபடி அப்படியே நின்றாள். எட்டு விநாடி. பிறகு பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்: "சரி, கதவைச் சாத்திட்டுப் போ."

காடே விழுந்து விழுந்து சிரித்தது. 'எருமை மாட்டின் மேல் மழை பெய்தாற்போல' என்று அதுவரை வசவாக இருந்ததைப் பத்திரிகைகள் பாராட்டாக எழுதின. கரடிக்குக் கால் திரும்பியது, வேலை திரும்பவில்லை; மாமியார் வேஷம் தையல்நாயகிக்கே நிலைத்தது.

அடுத்த படப்பிடிப்புக்கு வசனத்தை உருப்போட்டுக்கொண்டு போய், பிசிறில்லாமல் சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை. இயக்குநர் கீரி ஓடிவந்தார்.

"என்னம்மா இது? நடிக்கிறீங்க!"

"நான் நடிகைதானே தம்பி?"

"அதெல்லாம் வேண்டாம்மா. அன்னிக்கு மாதிரி பண்ணுங்க."

அன்றைக்கு மறந்துபோனேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அதிலிருந்து வசனத்தாளைப் படிக்காமலே போனாள். புகழ் ஏறியது. கடைத்தெருவில் யாராவது "பெரிய கலைஞர்மா நீங்க" என்று கும்பிட்டால், கூச்சத்தில் வாழைத்தார் மறைவுக்குப் போய் நின்றுகொள்வாள்.

ஒருநாள் ஹேமலதா மான் தேடி வந்தாள். ஒரு காலத்துக் கதாநாயகி. முகத்தில் சுருக்கம் விழுந்த பிறகு யாரும் கூப்பிடுவதில்லை.

"அக்கா, அந்த எட்டு விநாடியை எப்படிப் பண்றீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்க."

தையல்நாயகி மனப்பாரத்தை இறக்கினாள். "சத்தியமா சொல்றேன் ஹேமா, வசனம் மறந்துபோச்சு. அவ்வளவுதான்."

"தொழில் ரகசியம், சொல்ல மாட்டேன்னு நேராவே சொல்லியிருக்கலாம்" என்று கண் கலங்க எழுந்து போய்விட்டாள் மான்.

போனவள் அந்தக் காட்சியை இருநூறு தடவை போட்டுப் பார்த்தாள். ஆறே மாதத்தில் 'எட்டு விநாடி நடிப்புப் பள்ளி' திறந்தாள். எந்த விநாடியில் மூச்சிழுப்பது, எப்போது இமைப்பது, தாடையை எத்தனை தடவை அசைப்பது, எல்லாம் பாடம். வாசலில் வரிசை வளைந்து நின்றது.

தெரியாமல் செய்ததை ஒரு தடவையாவது தெரிந்து செய்ய வேண்டும் என்று தையல்நாயகிக்கு ஆசை வந்துவிட்டது. அவளும் வரிசையில் நின்றாள். விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினாள். நுழைவுத் தேர்வில் நின்று காட்டினாள்.

ஹேமலதா உதட்டைப் பிதுக்கினாள். "ஆறாவது விநாடியில தாடை நின்னுடுது. இயல்பா இல்லைக்கா."

"அதுக்குத்தான் வந்திருக்கேன். கத்துக் குடு."

மான் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அக்கா அன்றைக்குச் சொன்னது உண்மை என்று அப்போதுதான் உறைத்தது. இருவரும் சிரித்த சிரிப்பில் வரிசை முழுக்க உள்ளே எட்டிப் பார்த்தது.

நாலு மாதம் ஒழுங்காகக் கற்றாள். அடுத்த படப்பிடிப்பில், முழு வசனமும் நினைவில் இருக்க, வேண்டுமென்றே எட்டு விநாடி நின்றாள். காடு எப்போதும் போலவே சிரித்தது. வித்தியாசம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். நேரே வீட்டுக்குப் போய், கூடத்தில் சான்றிதழை மாட்டினாள்: 'இரண்டாம் வகுப்பில் தேர்ச்சி.'

நீதி: தெரியாமல் செய்தால் மேதை, அதையே கற்றுக்கொண்டு செய்தால் இரண்டாம் வகுப்பு.