உன் வீட்டில் நான் குடித்தது காபிதான்

உ

அன்புள்ள தம்பி மணிமாறனுக்கு,

அண்ணன் சுருளிவேல் எழுதிக்கொள்வது. ‘அன்புள்ள’ என்று போட்டிருப்பது, கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதற்காக. அதற்கு மேல் அதில் எதையும் தேட வேண்டாம். இங்கே நான், உன் அண்ணி அய்யம்மாள், ஆடு, மாடு எல்லாரும் சௌக்கியம். அங்கே நீயும் நாகஜோதியும் சௌக்கியமாகத்தான் இருக்கிறீர்கள். போன வாரம் என் கண்ணாலேயே பார்த்தேன், உனக்குத் தொப்பைகூட ஒரு சுற்று கூடியிருக்கிறது. போனில் சொல்லாமல் ஏன் தபாலில் எழுதுகிறான் என்று நினைப்பாய். உன் நம்பர் என் போனுக்கு வராதபடி அடைத்து வைக்கச் சொன்னது நான்தான். என் மகன் முகேஷ்குமார் அடைத்துக் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். திறப்பது எப்படி என்று அவனிடம் கேட்டால், எதுக்குப்பா என்று கேட்பான். அதனால்தான் தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். சுருளிவேல் தன் தம்பி வீட்டில் கை நனைத்துவிட்டான் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருக்கிறது. நான் கை நனைக்கவில்லை. உன் வீட்டில் நான் சாப்பிடவில்லை, குடித்தேன். குடித்தது காபி. இதை இப்போதே தெளிவுபடுத்தாவிட்டால், வைகாசியில் உன் மகள் தமிழ்மதியின் கல்யாணத்துக்கு நான் வருவதா இல்லையா என்பது முடிவாகாது. சாப்பிட்டேன் என்றால் நம் பகை தீர்ந்தது என்று அர்த்தம், பெண்ணுக்குப் பெரியப்பனாக முன்னால் நின்று தட்டு மாற்ற வேண்டியவன் நான். குடித்தேன் என்றால் நான் சொன்ன சொல் சொன்னபடியே நிற்கிறது. நான் வரமாட்டேன், வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

என்ன சொல் என்று மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நாகல் நகரில் நீ வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, முதல் பந்தியில் உன் மாமனார் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய கார் டிரைவர்கூட உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயாசம் கேட்டு வாங்கிக் குடித்தான். நம் வீட்டுக்கு மூத்தவன் நான், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ எதிரே நின்று என்னைப் பார்த்தாய். ‘அண்ணே, வந்து உக்காருண்ணே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அடுத்த பந்தியில்கூட உட்கார்ந்திருப்பேன். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? “ஏலே, இனிமே உன் வீட்டுல நான் கை நனைச்சா என்னை எங்கப்பனுக்குப் பொறந்தவன்னு சொல்லாத” என்று கத்திவிட்டு வந்தேன். அதற்கும் நீ வாயைத் திறக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் எனக்கு ஆறவில்லை, இந்த ஜென்மத்தில் ஆறப்போவதும் இல்லை.

போன வாரம் நான் வந்தது உன்னைப் பார்க்க அல்ல. நம் அக்கா கருப்பம்மாள் சின்னாளபட்டியில் எடுத்த சுங்குடிச் சேலையைத் தமிழ்மதியிடம் கொடுக்க வேண்டும், துணைக்கு வாடா என்று இழுத்து வந்தாள். நான் வாசலோடு நிற்பதாகத்தான் ஏற்பாடு. சித்திரை வெயில், ரோட்டில் தார் இளகிக் கிடக்கிறது, உன் தெருவில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, எதிர்வீட்டு அம்மாள் வேறு என்னைத் தண்ணீர் கேன் போட வந்தவன் என்று நினைத்துக் கூப்பிட்டுவிட்டாள். வேறு வழியில்லாமல்தான் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். தமிழ்மதி வந்து, “பெரியப்பா, நீங்க சாப்பிட மாட்டீகன்னு தெரியும். ஒரு காபி குடிங்க, காபி குடிச்சா தப்பில்லைன்னு நீங்கதான ஊர் மந்தையில பஞ்சாயத்துல தீர்ப்பு சொன்னீக” என்றாள். பார்த்தாயா, உன் வீட்டில் சட்டம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். நம் கீழத்தெரு பிரபு, மாமியார் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சபதம் போட்டுவிட்டுக் காபி குடித்து மாட்டிக்கொண்டானே, அந்த வழக்கைச் சொல்கிறாள். வெறும் காபி குடித்தால் சபதம் உடையாது, ஆனால் நீ அதில் பன்னைத் தொட்டுத் தின்றிருக்கிறாய், ஆகவே உடைந்தது, போய் மாமியாரிடம் மன்னிப்புக் கேள் என்று தீர்ப்பு சொன்னேன். அவனும் கேட்டான்.

நீ சமையலறைக்குக் கதவு வைக்காமல் வீடு கட்டியிருப்பதால் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் தெரிந்தது. அந்தப் பெண் ஒரு கண்ணாடி டம்ளரில் வெள்ளையாக இரண்டு உருண்டை ஐஸ்கிரீமைப் போட்டாள். ஃபில்டரிலிருந்து கன்னங்கரேலென்று டிகாஷனை இறக்கி, பாலும் விடாமல் சீனியும் போடாமல் அப்படியே அதன் தலையில் ஊற்றினாள். ஒரு கரண்டியைச் செருகி என் கையில் கொடுத்தாள். “இதென்னம்மா காபி?” என்றேன். “இத்தாலிக் காபி பெரியப்பா. அஃபகாத்தோன்னு பேரு. மூழ்கடிச்சதுன்னு அர்த்தம்” என்றாள். இத்தாலிக்காரனுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்? முதல் வாய் நாக்கு சுருங்கக் கசந்தது. இந்த வீட்டில் வேறென்ன கிடைக்கும் என்று நினைத்தேன். அப்புறம் கசப்புக்கு அடியிலிருந்து குளிர்ச்சியாக என்னவோ மேலே வந்தது. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அந்த நேரம் பார்த்து நீ உள்ளறையிலிருந்து வந்தாய். வா என்று சொல்லவில்லை, எப்ப வந்தே என்று கேட்கவில்லை, சுவரோரம் போய் ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டுத் திரும்பப் போய்விட்டாய். நான் காற்று வாங்கவா வந்தேன்?

அக்காவின் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். டவுன் பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனை எடுத்தவள், நான் டிக்கெட் எடுத்து முடிப்பதற்குள் ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்தால் உன் அண்ணி சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “அதான் தம்பி வீட்டுல சாப்ட்டு வந்துட்டீகளாமே” என்று வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்கு நான் பட்டினி. மறுநாள் விடிந்ததும் பிரபு வாசலில் வந்து நிற்கிறான். “பெரியவரே, பன்னைத் தொட்டா சாப்பாடுன்னீகளே, ஐஸ்கிரீமைப் போட்டா என்னங்க?” என்கிறான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் அவனுக்கு. ஊர் வழக்கையெல்லாம் தீர்த்து வைத்தவன் நான், என் வீட்டு வாசலில் என்னையே விசாரிக்க வந்துவிட்டான். ஐஸ்கிரீம் கரைந்து போகும், கரைவது சாப்பாடாகாது என்றேன். “அப்ப செஞ்சு காட்டுங்க, பாத்துட்டு ஒத்துக்கிறோம்” என்று ஊரைக் கூட்டிவிட்டான். அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டைக் கேள், கேட்டாவது உனக்கு மனது குளிரட்டும்.

திண்டுக்கல் வந்து, பேகம்பூரில் பேக்கரி வைத்திருக்கும் மன்சூர் பாயிடம் வெண்ணிலா ஐஸ்கிரீம் ஒரு டப்பா கேட்டேன். “அண்ணே, ஊருக்குப் போறதுக்குள்ள தண்ணியாயிரும், தெர்மாகோல் பொட்டில வச்சுத் தாரேன்” என்றார். என் வீட்டில் ஹாட்பாக்ஸ் இருக்கிறது, சூடு போகாத பாத்திரத்தில் குளிர் மட்டும் எப்படிப் போகும் என்று வியாக்கியானம் பேசி, அதற்குள் மாற்றி வாங்கிக்கொண்டு வந்தேன். ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. ஒரு கூட்ஸ் வண்டி போனது, அது முடிந்ததும் எதிர்த்திசையில் இன்னொன்று வந்தது. வீட்டில் வந்து திறந்தால் பாயாசம். மறுநாள் மறுபடி பஸ் ஏறி, வாயை மூடிக்கொண்டு தெர்மாகோல் பொட்டியில் வாங்கி வந்தேன். இந்தத் தடவை கட்டியாகவே வந்து சேர்ந்தது, ஆனால் வீட்டு ஃப்ரிஜ்ஜில் உன் அண்ணி காலையில் பறித்த மல்லிகை மொட்டை மூட்டையாகக் கட்டித் திணித்து வைத்திருந்தாள். “பூ வாடினா வியாபாரி கேவலமா கேப்பான், உங்க ஐஸு வாடினா என்ன போகுது?” என்று சண்டைக்கு வந்தாள். பூவோடு பூவாக அதையும் வைத்ததில் ஐஸ்கிரீம் கல்யாணப் பெண் மாதிரி மணக்க ஆரம்பித்துவிட்டது. டிகாஷனாவது நானே போடுகிறேன் என்று ஃபில்டரில் தூளை அமுக்கினால், ஒரு சொட்டு இறங்குவேனா என்கிறது. தட்டினேன். இறங்கவில்லை. கோபத்தில் ஓங்கித் தட்டினேன், அத்தனையும் என் வேட்டியில் இறங்கியது. வெள்ளை வேட்டியில் அந்தக் கறையோடு வெளியே வந்தால் வாசலில் ஊரே உட்கார்ந்திருக்கிறது, பிரபு முன்வரிசையில் இருக்கிறான், அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கடைசியில் அய்யம்மாள்தான் திரும்ப டிகாஷன் போட்டாள். காபி என்றால் கொதிக்கக் கொதிக்கத்தானே என்று அதை அடுப்பில் வைத்துத் தளதளவென்று கொதிக்கவிட்டாள். நான் டம்ளர்களில் ஐஸ்கிரீமைப் போட்டு ஊற்றினேன். ஊற்றியதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே? இத்தனை வருஷப் பழக்கம், டம்ளரைக் கையில் எடுத்ததும் என்னையறியாமல் வட்டாவை எடுத்து ஆற்ற ஆரம்பித்துவிட்டேன். நுரை பொங்க ஆற்றி, ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தேன். ஐஸ்கிரீம் இருந்த இடம் தெரியவில்லை. எல்லாரும் அண்ணாந்து ஒரே மூச்சாகக் குடித்தார்கள். “காபிதாம்பா. கொஞ்சம் மல்லிப்பூ வாசம் அடிக்குது, மத்தபடி காபிதான்” என்றாள் அக்கா. பிரபு டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தான். ஒன்றும் மிச்சமில்லை. “சரிங்க, குடிக்கிறதுதான்” என்று ஒத்துக்கொண்டு எழுந்து போனான். நான் ஜெயித்துவிட்டேன்.

எல்லாரும் போன பிறகு உன் அண்ணி டம்ளரைக் கழுவிக்கொண்டே, “ஏங்க, அந்தப் புள்ள குடுத்ததும் இதேதானா?” என்று கேட்டாள். இதேதான் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். ஜெயித்தவன் வாய் ஏன் இப்படிக் கசக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், மணிமாறா. எனக்கு உன் வீட்டுப் பாயாசமும் பெரிதில்லை, இத்தாலிக் காபியும் பெரிதில்லை. அன்றைக்கும் நீ வாயைத் திறக்கவில்லை, இன்றைக்கும் திறக்கவில்லை. ஒருத்தன் வாசல்படி ஏறி வந்து உட்கார்ந்திருக்கிறான், அவன் உன் கூடப் பிறந்தவன், ‘சாப்பிடுண்ணே’ என்று சொல்ல உனக்கு அம்புட்டு வலிக்கிறதா? சின்ன வயதில் என் தட்டிலிருந்து கேட்காமலே எடுத்துத் தின்னும்போது மட்டும் வாய் நன்றாகத்தானே திறந்தது?

ஆகவே ஊர் முடிவும் என் முடிவும் ஒன்றுதான். நான் குடித்தேன், சாப்பிடவில்லை. சபதம் உடையவில்லை. கல்யாணத்துக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம், தட்டு மாற்ற அக்கா வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொள். தமிழ்மதி தீர்க்க சுமங்கலியாக, பிள்ளை குட்டியோடு நிறைவாக வாழ வேண்டும். தபாலில் அனுப்பும் ஆசீர்வாதம் என்று அவள் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாகஜோதியை விசாரித்ததாகச் சொல். உன்னை விசாரிக்கவில்லை.

இப்படிக்கு,
உன்னோடு பேசாத அண்ணன்,
சுருளிவேல்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். அந்தக் கண்ணாடி டம்ளரின் அடியில் கொஞ்சம் ஐஸ்கிரீம் காபியோடு குழைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கரண்டிக்கு எட்டவில்லை. அக்கா சேலையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து விரலை விட்டு வழித்து நக்கினேன். காபி குடிக்கிறவன் எவனும் டம்ளரை வழிக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். நிமிர்ந்தால் நீ நிற்கிறாய். நீ பார்த்துவிட்டாய். பார்த்துவிட்டுத்தான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஃபேன் பக்கம் போனாய். இம்புட்டு நாளாக ஊரே அடித்துக்கொள்கிறது, அக்கா உனக்குப் போன் போட்டுக்கூடக் கேட்டாளாம், எனக்கெதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டாயாம். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிரபு முன்னால் என் தலை கவிழ்ந்திருக்கும். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடலாம் என்று பார்த்தேன், வேறு தாள் இல்லை. முகூர்த்தத்துக்கு முந்தின நாளே நானும் உன் அண்ணியும் வந்துவிடுகிறோம். முதல் பந்தியில் எனக்கு ஓர் இலை போடு. கூப்பிட ஆள் அனுப்பாதே, நீயே வந்து கூப்பிடு. இந்தத் தடவையாவது வாயைத் திறடா.