கையெடுக்காமல் போட்ட கோடு

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

என் அக்காவைக் கைப்பிடித்த நாள் முதல் என்னையும் சேர்த்துத் திருத்திவரும் உங்களுக்கு, உங்கள் மைத்துனன் வழக்கம்போல் பணிவாகவும், இந்தத் தடவை கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியும் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அக்கா இதற்குள் நாலு தடவை போன் செய்திருப்பாள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். இது நடுவில் யாரும் பேசக்கூடாத விஷயம்.

உங்கள் பெண்ணின் நிச்சயதார்த்தத்தில், சாப்பாட்டுப் பந்தியில், எல்லோர் காதிலும் விழும்படி நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "நம்ம மச்சானுக்கு வட்டமும் தெரியாது, சதுரமும் தெரியாது, கிரீம்தான் தெரியும்" என்றீர்கள். முப்பத்திரண்டு வருஷம் நிலத்தை அளந்த கை உங்களுடையது. நான் பேக்கரியில் கேக்கின் மேல் கிரீம் பிழிகிறவன். அன்றைக்குச் சிரித்துவிட்டு அடுத்த கவளத்தை வாயில் போட்டுக்கொண்டேன். இப்போது நீங்கள் உட்கார்ந்து படியுங்கள்.

மகன் படிக்கும் கத்தோலிக்கப் பள்ளியில் தந்தையர் தொண்டர் குழு என்று ஒன்று உண்டு. பையன்களின் அப்பாக்கள் விடுமுறை நாளில் வந்து நாற்காலி போடுவது, சிற்றாலயத்துக்கு ஒட்டடை அடிப்பது, வாசலில் நின்று வண்டிகளை ஒதுக்குவது என்று உடம்பு நோகாத சேவை. குழுவுக்குத் தலைவர் ஒரு வக்கீல், துணைத் தலைவர் ஒரு பல் டாக்டர். அங்கே எல்லோரும் உத்தரவு போடுகிறவர்கள், கேட்டு நடக்கிறவன் நான் ஒருவன்தான். மூன்று வருஷமாக எனக்குக் கொடுத்த ஒரே வேலை தண்ணீர் கேன் தூக்குவது. இருந்தும் ஏன் போனேன் என்றால், அத்தான், மகனுக்காகத்தான். அவன் ஒன்பதாவதில் சேர்ந்த முதல் நாள், மறந்துவைத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வேலையிலிருந்து அப்படியே ஓடினேன், தலையெல்லாம் மாவு. வராந்தாவில் அவனைப் பார்த்த சந்தோஷத்தில் வீட்டில் கூப்பிடுகிற மாதிரி "டேய் பன்னு!" என்று கத்திவிட்டேன். அன்று முதல் பள்ளி முழுக்க அவன் பெயர் பன்னு. வாத்தியார்களே வருகைப் பதிவில் தடுமாறுகிறார்களாம். அதற்குப் பிறகு அவன் எனக்கு ஒரு நிபந்தனை போட்டான். "குழுவுல சேருங்க, வேணாங்கல. ஆனா என்னத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கப்பா, ப்ளீஸ்." மூன்று வருஷமும் பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டே கேன் தூக்கினேன். ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால், அவன் வாயால் "இவர் எங்கப்பா" என்று சொல்லிக் கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது எனக்கு. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

இந்த வருஷம் விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள், மைதானத்தில் ஓடுபாதைக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் வண்டியின் சக்கரம் கழன்றுவிட்டது. வக்கீலுக்கு முதுகு வலி, குனிய முடியாது. பல் டாக்டருக்குத் தூசி ஆகாது. "கையால போடணும்னா யாருங்க போடறது?" என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் கேனைக் கீழே வைத்தேன். "எனக்கு ஒரு தார்ப்பாய்த் துண்டும் ஊசியும் குடுங்க" என்றேன். கிரீம் பிழிகிற கூம்பு மாதிரியே, என் இடுப்புயரத்துக்கு ஒரு கூம்பு தைத்து, முனையில் மூன்று விரல் அகலத்துக்குத் துளை வெட்டி, சுண்ணாம்புத் தூளை நிரப்பி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினேன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு அத்தான். வெளி ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவுக்கு வரும்வரை கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் அந்த இடத்தில் முடிச்சு விழும். நானும் கையை எடுக்கவில்லை. நாலு பாதைக்கு ஐந்து வட்டம் தனித்தனியாகப் போட வேண்டும் என்பார்கள் உங்களைப் போன்றவர்கள். நான் ஒரே கோட்டை ஐந்து சுற்று சுற்றி, கொசுவத்திச் சுருள் மாதிரி உள்பக்கமாக விழுந்து… விழுந்து என்று எழுதியது கைப்பிழை. யோசித்து, திட்டமிட்டு, கொண்டுபோய் முடித்தேன். வக்கீல் வந்து பார்த்து "அப்படியே கம்பி இழுத்த மாதிரி இருக்குங்க" என்றார். தரையில் நின்று பார்த்தால் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது.

மறுநாள் கடைசிப் போட்டி தொடரோட்டம். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நாலு அணி, அணிக்கு நாலு பையன்கள். ஒவ்வொருவனும் ஒரு சுற்று ஓடிவந்து, அதே பாதையில் காத்திருக்கும் தன் அணிக்காரன் கையில் பேட்டனைக் கொடுக்க வேண்டும். பேட்டனுக்கும் அணியின் நிறம். கோட்டைத் தாண்டினால் அணியே வெளியே. காத்திருக்கிறவன் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது பி.டி. மாஸ்டரின் சட்டம். நம் பையன் மஞ்சள் அணித் தலைவன், இரண்டாவதாக ஓட வேண்டியவன். மூன்று மாதம் விடியற்காலையில் எழுந்து ஓடிப் பழகியிருந்தான். மஞ்சளுக்கு வெளி ஓரப் பாதை. அடுத்து உள்ளே பச்சை, நீலம், நடுவை ஒட்டிச் சிவப்பு.

விசில் ஊதினார்கள். நாலு பையன்களும் கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓடினார்கள். சுருள் கோட்டில் ஒரு சுற்று ஓடினால் புறப்பட்ட பாதைக்குத் திரும்ப முடியாது அத்தான், ஒரு பாதை உள்ளே வந்துவிடுவோம். மஞ்சள் பையன் பச்சைக்காரன் கையில் கொடுத்தான். பச்சை நீலத்திடம். நீலம் சிவப்பிடம். சிவப்புப் பையன் எல்லாப் பாதையும் முடிந்து புல்வெளிக்குள் போய், அங்கே நின்ற பி.டி. மாஸ்டர் கையில் திணித்தான். மாஸ்டர் பழக்கதோஷத்தில் வாங்கிக்கொண்டு நாலடி ஓடி, விசிலைத் தவறவிட்டு, அப்புறம்தான் நின்றார். நம் பையன் வெளிப் பாதையில் கையை நீட்டியபடி நிற்கிறான். அவனுக்குக் கொடுக்க யாருமே வரவில்லை. அடுத்த சுற்றில் மூன்று பேர், அதற்கடுத்த சுற்றில் இரண்டு பேர், கடைசிச் சுற்றில் ஒரே ஒருவன். மாஸ்டர் கையில் விறகுக்கட்டு மாதிரி மூன்று பேட்டன் சேர்ந்துவிட்டது. நாலு சுற்றையும் முடித்துக்கொண்டு நடுவுக்கு வந்தது மஞ்சள் பேட்டன், கொண்டுவந்தவன் சிவப்புப் பையன். மைதானமே கையைக் கொட்டிச் சிரித்தது.

தலைமையாசிரியராக இருக்கும் அருட்தந்தையைச் சிரிக்காத ஃபாதர் என்றுதான் பையன்கள் சொல்வார்கள். அவர் மைக்கைப் பிடித்தார். சத்தம் அடங்கிவிட்டது. "இந்தக் கோட்டப் போட்டது யாரு?" வக்கீல் வானத்தைப் பார்த்தார். பல் டாக்டர் வாயைத் திறக்கவில்லை. நான் காலை எடுத்து வைப்பதற்குள், வெளிப் பாதையில் வெறும் கையோடு நின்றவன் அந்தக் கையை உயரத் தூக்கி, ஆயிரம் பேருக்கும் கேட்கிற மாதிரி, "எங்கப்பா, ஃபாதர்! அதோ நிக்கிறாரு, அவர்தான் எங்கப்பா!" என்றான்.

அதன் பிறகு என்னைத் தூக்கில் போட்டிருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன். மேடைக்குப் போனேன். "தெரிஞ்சு போட்டீங்களா, தெரியாம போட்டீங்களா?" என்றார் ஃபாதர். தண்ணீர் கேன் கண்ணில் பட்டது. "திட்டம் போட்டுத்தான், ஃபாதர்" என்றேன். அவர் மஞ்சள் பேட்டனைத் தூக்கிக் காட்டினார். "இதைக் கொண்டுவந்தது யாரு? முதல்ல மஞ்சள், அப்புறம் பச்சை, நீலம், சிவப்பு. நாலு அணியும் சேர்ந்து ஒரு பேட்டனைச் சுமந்திருக்கு. அடுத்தவனுக்காக ஓடுங்கடான்னு இருபது வருஷமா பூசையில சொல்றேன், ஒருத்தனும் கேக்கல. இந்த மனுஷன் ஒரு மூட்டை சுண்ணாம்புல ஓட வெச்சுட்டாரு!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அத்தான், சிரித்தார்! அவருக்கு முன்பல் இரண்டு இல்லை என்பதே பள்ளிக்கு அன்றுதான் தெரிந்தது. கோப்பை நாலு அணிக்கும் பொது, ஆளுக்கு மூன்று மாதம். இனி வருஷா வருஷம் இதே கோடு, போடுவது அடியேன். வக்கீல் வந்து கையைக் குலுக்கி, "நம்ம குழுவோட யோசனைங்க" என்றார். போகட்டும், பாவம்.

ஆக, வட்டம் தெரியாதவன் இன்று ஊரில் தலை நிமிர்ந்து நடக்கிறான். அக்காவுக்கு என் அன்பு. மருமகனுக்கும் பெண்ணுக்கும் ஆசிகள். தேவன் உங்கள் முழங்காலுக்கு வலுவும், என் விஷயத்தில் உங்கள் வாய்க்குக் கொஞ்சம் ஓய்வும் தருவாராக.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்,
கோட்டுப் பொறுப்பாளர்

பி.கு: உறை எடுக்க உள்ளே போன நேரத்தில் மகன் இதைப் படித்துவிட்டான். "திட்டமாப்பா?" என்றான். நான் விட்டத்தைப் பார்த்தேன். "காலையிலயே மாடி வகுப்பு ஜன்னல்ல இருந்து பாத்துட்டேன். சுருளா கெடந்துச்சு" என்றான். "அப்ப ஏண்டா சொல்லல?" என்றேன். "சொன்னா அழிச்சிருப்பாங்க. உங்களயும் குழுவுல இருந்து எடுத்திருப்பாங்க." நான் கேட்டேன், "உனக்கு பேட்டன் வராதுன்னு தெரியுமா?" "தெரியும். பேப்பர்ல போட்டுப் பாத்தேன்." மூன்று மாதம் விடியலில் எழுந்து ஓடிய பிள்ளை, வராது என்று தெரிந்தே ஆயிரம் பேர் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். ஆகவே அத்தான், மேலே நான் திட்டம் போட்டதாக எழுதிய இடங்களை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். "வேணாம்பா, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, எழுதி முடித்த பக்கங்களை மடித்துவைத்து, உறையை ஒட்டுவதற்காகப் பக்கத்தில் காத்துக்கொண்டு நிற்கிறான்.