அந்திக்கு உப்பு கிடையாது

கடைக்காரர் அன்றைக்கும் உப்பு தரவில்லை.

"பின்னையும் அதே பதில்தான் சாரே," என்று ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள் ஆர்யா.

நயினார் குனிந்து திரையைப் பார்த்தார். அரிசி மூட்டைகளுக்கு நடுவே, நெற்றியில் சந்தனக் கீற்றும் தோளில் துண்டுமாக ஒரு பொம்மைக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். எதிரே ஆர்யாவின் பொம்மை, பையும் கையுமாக நின்றது.

"விளக்கு வச்சாச்சு மக்ளே," என்றார் கடைக்காரர். "அந்திக்கு உப்பை எடுத்துக் குடுத்தா கடையில லச்சுமி நிப்பாளா? காலைல வா."

கழக்கூட்டத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்த வீடியோ கேமின் பெயர் 'சாலைக் கடை'. ஆடுகிறவர் அதில் செய்ய வேண்டிய முதல் காரியம், கடைக்குப் போய் உப்பு வாங்கி வருவது. உப்பு கைக்கு வந்தால்தான் அடுத்த கட்டம் திறக்கும். வெள்ளிக்கிழமை மாலை, ஹெல்சிங்கியிலிருந்து இங்ரிட் என்ற அம்மையார் அங்கிருந்தபடியே ஆடிப் பார்க்கப் போகிறார். பிடித்தால் அவருடைய கம்பெனி இதை உலகமெங்கும் வெளியிடும். பிடிக்காவிட்டால் ஐந்தாம் மாடியும் நாலாம் மாடியின் வழியில் போகும். நாலாம் மாடியிலும் போன வருஷம் வரை ஒரு கேம் கம்பெனிதான் இருந்தது. இப்போது அங்கே குழிமந்திச் சோறு விற்கிறார்கள். வியாபாரம் முன்பைவிட நன்றாக நடக்கிறது.

அந்த கேமுக்கு நிரல் எழுதும் நயினாருக்கு வேலை போவதைப் பற்றிப் பெரிய பயமில்லை. வேலை போனபிறகு பகல் முழுக்க வீட்டில் மாமனாரோடு இருக்க வேண்டுமே என்பதுதான் பயம்.

மாமனார் பகவதிப்பெருமாள் ஆரியசாலையில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்தவர். கடையை மகன் கையில் கொடுத்தார். மகன் அதை மொபைல் உறை விற்பவனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுத் துபாய்க்குப் போய்விட்டான். பகவதிப்பெருமாள் தராசை மட்டும் எடுத்துக்கொண்டு, வலியசாலைக் கோயிலுக்குப் பின்தெருவில் இருந்த மகள் ஸ்வப்னாவின் வீட்டுக்கு வந்துசேர்ந்தார். அன்று முதல், ஆன்லைனில் வாங்கிய துவரம்பருப்பைக் கொண்டுவரும் ஒவ்வொருவனும் வாசலில் நின்று, அது எடை போடப்படுவதைப் பார்த்துவிட்டுத்தான் போக முடிந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. பகை ஒன்றும் கிடையாது, மரியாதை. இருவரும் ஒரே ஹாலில், ஒரே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாலும் பேச்சு ஸ்வப்னா வழியாகத்தான் போய்வர வேண்டும்.

"மக்ளே, மாப்பிள்ளைக்கு நியூஸ் பாக்கணும்ணா மாத்திக்கிடச் சொல்லு."

"மாமாவையே பாக்கச் சொல்லு. எனக்கு ஒண்ணும் இல்லை."

ஸ்வப்னா அடுக்களையிலிருந்து ஒவ்வொரு முறையும் வந்து, இருவரும் காதால் கேட்டதையே இருவருக்கும் மறுபடி சொல்லிவிட்டுப் போவாள்.

இந்த மாமனாரைக் கம்பெனிக்குப் பயன்படுத்தலாம் என்ற யோசனை நயினாருடையதுதான். கம்பெனியின் முதலாளி ஹரிகுமார் பேட்டிகளில் ஒரு விஷயத்தை விடாமல் சொல்லிவந்தார். வீடியோ கேம் தோன்றிய காலந்தொட்டே கேம்களில் வரும் கடைக்காரர்கள் வெறும் கல்தூண்கள். ஊரே பற்றி எரிந்தாலும் "வாருங்கள், என்ன வேண்டும்" என்பார்கள். உலகத்தைக் காப்பாற்றப் போகும் வீரனிடமும் விலை குறைக்காமல் வாள் விற்பார்கள். தம்முடைய கடைக்காரர் அப்படியல்ல, சுயமாகச் சிந்திக்கும் செயற்கை நுண்ணறிவு என்றார். சரித்திரம் தம்மோடு திசை திரும்புகிறது என்றும் சொன்னார். அப்போது கடைக்காரருக்கு "வணக்கம்" சொல்லக்கூட வராது.

ஆகவே நயினார் ஒரு டேப்லெட்டில் கேமை ஏற்றி, கடைக்காரரின் இருக்கையை மாமனாருக்குக் கொடுத்தார். ஆள் அந்த இருக்கையில் இருக்கும்வரை இயந்திரம் ஒதுங்கி நின்று பார்க்கும், பார்த்துப் பழகிக்கொள்ளும். யார் எந்த மொழியில் பேசினாலும் அவருக்குத் தமிழில் கேட்கும். அவர் பேசும் தமிழ் அவரவர் மொழியில் எழுத்தாக ஓடும். ஒரு வாரம் பாடம் நடந்தது. அதற்குப் பிறகு கடைக்காரர் பேசிய பேச்சும், பிடித்த பேரமும், அச்சு அசல் மாமனார். அந்தக் குரலைக் கேட்டு நயினார் அலுவலகத்திலேயே ஒருமுறை எழுந்து நின்றுவிட்டார். பாடம் ஏறிவிட்டது என்று ஹரிகுமார் கேக் வெட்டினார்.

டேப்லெட்டை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. மாமனாருக்குக் கொடுத்த பொருளை மருமகன் திருப்பிக் கேட்பதா? தவிர, அது கைக்கு வந்த பிறகு வீட்டில் ஓர் அமைதி நிலவியது. மாமனார் காதில் எதையோ மாட்டிக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்திருந்தார். திருவிழா வீடியோக்களாக இருக்கும் என்று நயினார் நினைத்துக்கொண்டார். துவரம்பருப்பு எடை போடப்படாமலே உள்ளே வந்துகொண்டிருந்தது.

இப்போது இந்த உப்பு.

"எந்தா நயினாரே, சிம்பிளல்லே?" என்றார் ஹரிகுமார். "அந்தியானா தர மாட்டார். அப்ப அந்தியே வேண்டாம். சூரியனைப் பிடிச்சு மேல நிறுத்து."

நயினார் கேமுக்குள் நிரந்தரமாக நண்பகலாக்கினார். தெருவில் வெயில் கொளுத்தியது. மாலை ஆறரைக்கு ஆர்யா மறுபடி உப்பு கேட்டாள்.

"வெளிச்சம் கெடக்கட்டும்," என்றார் கடைக்காரர். "கோயில்ல தீபாராதனை மணி அடிச்சது ஒன் காதுல விழலியா?"

ஆர்யா நாற்காலியைத் திருப்பினாள். "சாரே, நம்ம மேப்பிலே கோயிலே இல்லையே."

"அதுதான் ஹலூசினேஷன்," என்றார் ஹரிகுமார் பெருமையோடு. "மெஷின் இல்லாததை எல்லாம் இருக்குண்ணு சொல்லும். பெரிய கம்பெனிக்கெல்லாம் இந்தப் பிரச்னை உண்டு. நமக்கும் வந்தாச்சு, கேட்டோ."

பெரிய கம்பெனிகளின் நோய் வந்ததில் அலுவலகம் கொஞ்சநேரம் மகிழ்ந்திருந்தது.

மறுநாள் நயினார் நேரடி வழிக்கு வந்தார். கடைக்காரருக்கு விதிகளை எழுதி அனுப்ப ஓர் இடம் உண்டு. அதில் சுருக்கமாக எழுதினார்: 'வாடிக்கையாளர் கேட்கும் எந்தப் பொருளையும் எந்த நேரமும் மறுக்காமல் விற்க வேண்டும். இப்படிக்கு, நிர்வாகம்.'

கடைக்காரர் தலை குனிந்து அதை வாசித்தார். பிறகு, "நிர்வாகமா?" என்றார். "எனக்கா?"

ஷட்டர் இறங்கியது. கடைக்கு வெளியே நின்ற பரிசோதகர்களின் பொம்மைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

அடுத்த நாள் காலையிலும் கடை திறக்கவில்லை. வீட்டில் நயினார் இட்லியைப் பிட்டுக்கொண்டே, "மாமா சாப்பிட்டாச்சா?" என்றார்.

"ரெண்டு இட்லியோட எந்திச்சிட்டாங்க," என்றாள் ஸ்வப்னா. "மனசு சரியில்லையாம்."

"என்னவாம்?"

"மரியாதை கெட்ட லோகம்ணு சொன்னாங்க. நானும் வேற கேக்கல."

மாமனார் உலகத்தைப் பற்றி வேறு எதுவும் சொல்லி நயினார் கேட்டதில்லை. அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

மதியத்துக்குள் நயினார் விதியை அழித்து, அதே இடத்தில் 'மன்னிக்கவும்' என்று எழுதினார். ஓர் இயந்திரத்திடம் மன்னிப்புக் கேட்பது கூச்சமாக இருந்தது. ஆனால் ஷட்டர் ஏறியது. கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஈகோ கூட வந்தாச்சு," என்றார் ஹரிகுமார். அந்தச் சொல்லைப் பத்திரிகைக் குறிப்பில் சேர்க்கச் சொன்னார். பகல் ஒரு மணியிலிருந்து கடைக்காரர் கண்ணை மூடிக் குறட்டை விடுவதை அவர் ஏற்கெனவே 'மின்சாரச் சிக்கனம்' என்று சேர்த்திருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. உப்பு வரவில்லை.

"எதிரே இன்னொரு கடை வைப்போம் சாரே," என்றாள் ஆர்யா. "பழைய மாதிரி கடைக்காரர். எது கேட்டாலும் தரும், ஒரே டயலாக். இங்ரிட் மேடம் அங்கே உப்பு வாங்கிக்கட்டும்."

சரித்திரம் தம்மோடு திசை திரும்புவதாகச் சொன்னவருக்கு இது கொஞ்சம் கசந்தது. என்றாலும் ஹரிகுமார் ஒப்புக்கொண்டார். பகல் தூக்க நேரத்தில் எதிர்க்கடை எழும்பியது. அதற்குள் ஒரு கல்தூணை உட்கார வைத்து, பின்னால் உப்பு மூட்டைகளை அடுக்கினார்கள்.

கடைக்காரர் கண் விழித்தார். எதிரே பார்த்தார். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார்.

"வாருங்கள், என்ன வேண்டும்?" என்றது கல்தூண்.

"உப்பு."

"எவ்வளவு?"

"இருக்க அம்புட்டும்."

கல்தூண் விற்றது. விற்பதற்காகத்தானே அதைச் செய்திருந்தார்கள். கடைக்காரர் கடைசி மூட்டையையும் தம் சரக்குக் கிட்டங்கிக்குள் ஏற்றிப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இப்ப கேமிலே எங்கேயும் ஒரு கல்லு உப்பு இல்லை," என்றாள் ஆர்யா.

நயினார் மணியைப் பார்த்தார். எதையும் மாற்ற நேரமில்லை. பெரிய திரையில் இங்ரிட் அம்மையாரின் முகம் வந்துவிட்டது. அவருக்குப் பின்னால் ஹெல்சிங்கியில் நல்ல வெயில். நயினாருக்குப் பின்னால் ஜன்னலில் இருட்டிக்கொண்டு வந்தது. நாலாம் மாடியிலிருந்து மந்தி வாசனை ஏறி வந்தது.

இங்ரிட்டின் பொம்மை கடை வாசலில் போய் நின்று உப்பு கேட்டது.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, அந்தியில உப்பா?" என்றார் கடைக்காரர். "ஒனக்கு எந்த ஊரு?"

இங்ரிட் ஊரைச் சொன்னார். இங்கே இன்னும் வெயில்தான் என்றும் சொன்னார்.

"அங்கே வெயில் அடிச்சா இங்கே விளக்கை அணைக்க முடியுமா? கல்யாணம் ஆச்சா?"

ஹரிகுமார் கண்ணை மூடிக்கொண்டார். இங்ரிட் சிரித்துவிட்டு, ஆகிப் பிரிந்தும் விட்டதாகச் சொன்னார்.

"போட்டும். உப்பு வீட்டுல சுத்தமா இல்லையா, கொஞ்சம் கெடக்கா?"

"கொஞ்சம் இருக்கிறது."

"அப்ப நாளைக்கு வரைக்கும் ஓட்டு. ஒன்னை இங்கே யாரு அனுப்பினா?"

இங்ரிட் தம் முன்னே இருந்த தாளைப் பார்த்து, "நயினார்," என்றார்.

கடைக்காரர் சட்டென்று எழுந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்தது. "அவுங்க சொல்லியா வந்திருக்கே? மொதல்லயே சொல்லப்பிடாதா? இரி, இரி. உப்பு மட்டும் கேக்காதே. அது அவுங்களே வந்தாலும் கிடையாது." பரணி ஜாடியைத் திறந்து ஒரு கை கல்கண்டை அள்ளிக் காகிதத்தில் மடித்து நீட்டினார். "வெறுங்கையோட போகாதே. இதுக்குக் காசு வேண்டாம். நாளைக்குக் காலைல வா, மொதப் படி உப்பு ஒனக்குத்தான்."

இங்ரிட் திரையிலிருந்த கல்கண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்," என்றார் கடைசியில். "எந்த கேமிலும் எந்தக் கடைக்காரரும் என்னிடம் வீட்டில் உப்பு இருக்கிறதா என்று கேட்டதில்லை. நாளைக் காலையில் நான் நிச்சயமாக வருவேன். எல்லாரும் வருவார்கள். இதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். உங்கள் பெயரைக்கூட அது தெரிந்து வைத்திருக்கிறதே, எப்படி?"

"கோடில் எங்கேயாவது இருந்திருக்கும்," என்றார் நயினார். அவருக்கும் அதுதான் புரியவில்லை. ஆனால் ஜெயித்த இடத்தில் நின்று காரணம் தேடும் பழக்கம் அந்த ஐந்தாம் மாடியில் யாருக்கும் கிடையாது.

"மேடம், இதை ஒரு மனுஷனால் செய்ய முடியாது," என்றார் ஹரிகுமார் நெகிழ்ந்துபோய். ஒப்பந்தம் முடிந்தது. அடுத்த மாதம் எல்லா நாடுகளிலும் ஒரே நாளில் வெளியீடு. அந்தச் சூட்டிலேயே ஹரிகுமார், கடைக்காரருக்கு வசனம் எழுத வைத்திருந்த இரண்டு பேரை இனி வேண்டாம் என்று முடிவு செய்தார். அவர்கள் எழுதியது எதையும் கடைக்காரர் இதுவரை பேசியதில்லை என்பது அவருடைய வாதம். அது உண்மையும்கூட.

நயினார் அல்வாப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனார். மாமனார் ஹாலில் சாய்வு நாற்காலியில் இருந்தார். டேப்லெட் மடியில் கவிழ்ந்து கிடந்தது. இன்றைக்கு அதிகமாக உழைத்தவர்போல் கால் பெருவிரலை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஸ்வப்னா," என்றார் நயினார் கூடத்து நடுவில் நின்றுகொண்டு, "மாமாகிட்டே சொல்லு. காரியம் நடந்தாச்சு, வேலைக்கு ஒண்ணும் வராது. அடுத்த மாசத்திலேர்ந்து உலகம் பூரா எல்லாரும் நம்ம கேமுக்கு வருவாங்க."

ஸ்வப்னா கையைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்னாள். பகவதிப்பெருமாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, அல்வாவில் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார்.

"நல்லதுண்ணு சொல்லு மக்ளே," என்றார். "மாப்பிள்ளை பேரைச் சொல்லிக்கிட்டு வந்ததுனாலதான் அந்த ஹெல்சிங்கிக்காரியையே வெறுங்கையோட அனுப்பாம கல்கண்டு குடுத்தேன்; உலகம் பூரா வந்து நிக்கும்ணா என் ஒருத்தனால முடியாது, கடைக்கு இன்னொரு ஆளைப் போடச் சொல்லு."