பன்னிரண்டு போத்தலும் என் மகனும்

பொய் சொல்வதற்கும் ஒரு வயது இருக்கிறது. ஏழு வயதில் சொன்னால் ஓர் அடியோடு முடிந்துவிடும். அறுபத்தொன்பது வயதில் சொன்னால் அது ரயிலேறிக் கார்ல்ஸ்ரூஹே வரை போகும். என்னுடையது போனது. நான் இதைச் சிரிப்புக்காக எழுதவில்லை. ஆனால் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். அதற்கு நான் என்ன செய்ய?

ஸ்டுட்கார்ட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. தொடாததில் பிழையில்லை. அதைச் சொல்லித் திரிந்ததுதான் பிழை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டுவிழாவில் மதுவின் தீமை பற்றி ஒவ்வொரு வருடமும் பதினைந்து நிமிடம் பேசுவேன். (முப்பது நிமிடம் என்பது என் மனைவி புஷ்பத்தின் கணக்கு.)

அப்படிப்பட்ட எனக்கு ஒரு வைன் போத்தல் தேவைப்பட்டது. தொழிற்சாலையில் எனக்கு மேற்பார்வையாளராக இருந்த பவுமனுக்கு எண்பதாவது பிறந்தநாள். அகதியாக வந்து, மொழி தெரியாமல் நின்றபோது எனக்கு வேலை தந்து, விசா அலுவலகத்துக்கு மூன்று முறை கடிதம் எழுதித் தந்த மனிதர். அவருக்குப் பிடித்தது வைன். அவருக்குப் போய் நான் வழக்கம்போல முறுக்குப் பெட்டி கொடுக்கமுடியுமா?

கடையில் வாங்கலாம். ஆனால் எங்கள் பகுதிக் கடையில் காசு வாங்கும் இருவர் என் பழைய மாணவர்கள். வைன் அடுக்குக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்றால் போதும், வெள்ளிக்கிழமை கோயிலில் எனக்குப் பிரசாதம் தருபவரின் பார்வையே மாறிவிடும். ஆகவே இணையத்தில் வாங்கத் தீர்மானித்தேன். எவ்வளவு கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அந்த நாட்களில் வீட்டில் இன்னொரு காரியமும் நடந்துகொண்டிருந்தது. என் மகன் அரனுக்கு முப்பத்தொரு வயது. பொறியியலாளன். கோலாகூடக் குடிக்கமாட்டான். கார்ல்ஸ்ரூஹேயில் இருக்கும் மயூரி என்ற பெண்ணின் ஜாதகக் குறிப்பு பொருந்தி, இரண்டு முறை சந்தித்துப் பேசியும் இருந்தார்கள். இரண்டாவது சந்திப்புக்குப் பிறகு அரன் ஒரு ஸ்திரிக்கைப்பெட்டி வாங்கினான். பத்து வருடமாகக் கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போன பிள்ளை. புஷ்பம் அன்றைக்கே சேலைகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

இணையக் கடையைத் திறந்தேன். முடிவில்லாமல் போத்தல்கள். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த வைன் என்று மாடு, பன்றி, மான், மீன் எல்லாவற்றுக்கும் படம் போட்டிருந்தார்கள். கத்தரிக்காய்க்கு இல்லை. ஒரு போத்தலுக்குக் கீழே, தோல், புகையிலை, ஈரக் கல் ஆகியவற்றின் மணம் உண்டென்று எழுதியிருந்தது. (மழையில் நனைந்த செருப்பு என்று நேராகச் சொன்னால் யாரும் வாங்கமாட்டார்கள் போலும்.) இன்னொன்றில் வீகன் என்று ஒரு பச்சை இலை. அப்படியானால் மற்றவற்றில் என்ன இருக்கிறது? தேடிப்பார்த்தேன். சில வைன்களைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கருவும் மீனின் சவ்வும் போடுவார்களாம். குடிப்பது பாவம், ஆனால் என் கையால் வாங்கும் பாவம் சைவமாக இருக்கட்டும் என்று பச்சை இலை உள்ளவற்றை மட்டும் தெரிவுசெய்தேன்.

ஊரில் கணக்கு வாத்தியாராகவும் இங்கே தரப் பரிசோதகராகவும் இருந்தவன் நான். சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்றை எடுத்து அட்டவணை போட்டேன். லீற்றருக்கு எத்தனை கிராம் சீனி, எவ்வளவு புளிப்பு, எந்த வருடத்து அறுவடை. மூன்று கிழமையில் கொப்பி நிரம்பியது. ஒரு போத்தலும் வாங்கவில்லை.

கடைசியில், புதியவர்களுக்கு உதவும் கேள்வித்தாள் ஒன்று அகப்பட்டது. கோப்பி எப்படிக் குடிப்பீர்கள்? பால், மூன்று கரண்டி சீனி. எலுமிச்சை பிடிக்குமா? ஊறுகாயாக என்றால் பிடிக்கும்; அதற்குக் கட்டம் இல்லாதபடியால் ‘ஆம்’. கேள்வித்தாளைக் கண்டால் உண்மையை எழுதுவது என் பழக்கம். பரிசு பவுமனுக்கு என்பதை மறந்து, முழுக்க என்னுடைய நாக்கைப் பற்றியே எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு இனிப்பு வைன்கள் அடங்கிய ஆரம்பப் பெட்டி எனக்கு மிகவும் பொருந்தும் என்று விடை வந்தது. தேர்வில் சித்தியடைந்த சந்தோஷத்தில் பொத்தானை அழுத்திவிட்டேன்.

வியாழக்கிழமை வரவேண்டிய பொதி புதன்கிழமை வந்தது. அன்றைக்கு எனக்குக் கண் டாக்டரிடம் டெர்மின். மூன்று மாதம் காத்திருந்து எடுத்த நேரம். திரும்பிவந்தபோது தபால்பெட்டியில் ஒரு துண்டு கிடந்தது: பொதி மூன்றாம் மாடியில்.

மூன்றாம் மாடியில் இருப்பவர் லீலாவதி. கோயிலுக்குப் பூமாலை கட்டுபவர். மாலையைவிட வேகமாகச் செய்தி கட்டுவார்.

“வாங்கோ மாஸ்டர். உந்தப் பெட்டியை அரக்க ஏலாமல் கிடக்கு. என்ன சாமான்?”

பெட்டியின் நான்கு பக்கமும் திராட்சைக் குலை. மேலே, பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று சிவப்பு எழுத்து.

“புத்தகம்,” என்றேன்.

லீலாவதி காலால் மெல்லத் தட்டினார். பெட்டி கிலுங்கியது.

“புத்தகம் கிலுங்குது, மாஸ்டர்.”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. பவுமன், பிறந்தநாள், பரிசு என்று மூன்று சொல் போதும். ஆண்டுவிழா மேடையில் நின்ற என் உருவம்தான் கண்முன் வந்தது.

“அது மகன்ர,” என்றேன். “என்ர பேரிலை ஓடர் பண்ணியிருக்கிறான்.”

“அரனோ?”

“ஓம்.”

“பாவம் மாஸ்டர் நீங்கள்,” என்று சொல்லி, பெட்டியை லிப்டுக்குள் தள்ளவும் உதவினார். அதை நேரே கெல்லருக்கு, கட்டடத்தின் நிலவறைக்கு, இறக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மயூரியின் தகப்பன் சிவநாதன் தொலைபேசி எடுத்தார். “மாஸ்டர், குறிப்பை இன்னொருக்கால் பாப்பம் எண்டு நினைக்கிறம். அவசரமில்லைத்தானே.” எங்கள் ஆட்கள் குறிப்பை இரண்டாம் முறை திறப்பது மூடுவதற்குத்தான்.

காரணத்தைப் புஷ்பம் கோயிலிலேயே கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். “இஞ்சாருங்கோ, எங்கட பிள்ளை பெட்டி பெட்டியா எடுத்துக் குடிக்கிறானாம். கெல்லருக்கை கிடக்கிற பெட்டி ஆற்றை?”

யாருடையது என்று சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. “இதை அவனுக்குச் சொல்லுங்கோ,” என்றாள்.

பின்னேரம் அரன் வந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிமுடித்தேன். அவன் தன் சட்டைக் கையை இழுத்துச் சரிசெய்தான். ஸ்திரிக்கை போட்ட சட்டை.

“முதலே என்னட்டைக் கேட்டிருக்கலாம் அப்பா.”

“கேட்டிருந்தா?”

“ஓம் எண்டிருப்பன்.”

என் மேடைப் பேச்சு முழுவதையும் அந்த இரண்டு சொற்களுக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை புஷ்பத்தையும் கூட்டிக்கொண்டு கார்ல்ஸ்ரூஹேக்குப் போனேன். ரயில் நாற்பது நிமிடம் பிந்தியதில் பேச்சை ஆறு தரம் திருத்த வசதியாக இருந்தது. கடைசியில் வாயில் வந்தது ஒரே வசனம்தான். “சிவநாதன், அந்தப் பெட்டி என்ர.”

சிவநாதன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “தகப்பன் எண்டா இப்பிடித்தான் இருக்கவேணும், மாஸ்டர். என்ர பிள்ளைக்கு ஒண்டெண்டா நானும் இப்பிடித்தான் சொல்லியிருப்பன்.” அவருடைய மனைவி கண்ணைத் துடைத்தார்.

“இல்லை, உண்மையாவே நான்தான்.”

“விளங்குது, மாஸ்டர்.”

ஓடர் கடிதத்தைக் காட்டினேன். “பிள்ளையள் தகப்பன்ர பேரிலைதானே வாங்குறவை,” என்றார். நான் வற்புறுத்த வற்புறுத்த என் பெருமை ஏறியது. அரன் பெருங்குடிகாரன் ஆனான். புஷ்பம் தலையிட்டாள்: “உவர் உண்மைதான் சொல்லுறார். உவருக்குப் பொய் இவ்வளவு நேரம் தாங்காது.” அதையும் ஒரு தாயின் பாசமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

எங்களுக்குத் தேநீர் தந்துவிட்டுத் தன் கோப்பையோடு உட்கார்ந்த மயூரி கேட்டாள். “அங்கிள், அந்த வைனிலை சீனி எவ்வளவு?”

“எந்தப் போத்தலிலை? மூண்டாவதிலையோ, ஏழாவதிலையோ?”

அவ்வளவுதான். வாத்தியாருக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. சீனியிலிருந்து புளிப்புக்குப் போனேன். புளிப்பிலிருந்து டானினுக்கு. தேயிலைச் சாயம் நாக்கை இழுக்கிறதே, அந்தத் துவர்ப்புத்தான் என்று கையிலிருந்த கோப்பையை உயர்த்தி விளக்கினேன். மீன் சவ்வையும் விடவில்லை. தேநீரில் ஆடை படிந்தது. சிவநாதனின் மனைவி இரண்டாம் தரம் ஊற்றிக்கொண்டு வந்தபோது நான் ஈரக் கல் மணத்தில் நின்றேன்.

மயூரி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: “அப்பா, இது இவர் வாங்கினதுதான். அரனுக்கு உதொண்டும் தெரியாது. நேற்றுக்கூட டானின் எண்டா மருந்தோ எண்டு கேட்டவர்.”

“நேற்றோ?” என்றார் சிவநாதன்.

மயூரி கோப்பைக்குள் பார்த்தாள். அந்த வீட்டில் அன்றைக்கு முதல்முறையாக என்னைத் தவிர இன்னொருவர் விசாரணைக்கு உள்ளானார். எனக்கு உடம்பு லேசானது.

நாங்கள் புறப்படும்போது சிவநாதன் வாசலில் சொன்னார்: “குறிப்பு பாத்தாச்சு, மாஸ்டர். நல்லாத்தான் கிடக்கு.”

பவுமனுக்கு இரண்டு போத்தல் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸை நெடுநேரம் பார்த்துவிட்டு, “குடிக்கலாம்,” என்றார். இந்தப் பகுதி மனிதர்களிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாதாம். கிளாஸை மட்டும் முடிக்கவில்லை.

கல்யாணம் முடிந்து நாலாம் மாதம் லீலாவதி கதவைத் தட்டினார். “மாஸ்டர், மகளின்ர புரொபெசருக்கு ஒரு போத்தல் குடுக்கவேணும். எது திறம்?” கொப்பியை எடுத்துவந்தேன். போத்தலைத் தெரிவுசெய்த பிறகு தயங்கினார். “எங்கட வீட்டுக்கு வந்தா ஆக்கள் ஒருமாதிரி நினைப்பினம். உங்கட அட்ரசுக்கு வரட்டுமே?”

அவருக்குப் பிறகு கோயில் நிர்வாகத்தில் ஒருவர். பிறகு என் பழைய மாணவர்கள். இந்த நாட்டு டொச்சுக்கார முதலாளி, டாக்டர், வீட்டுக்காரர் என்று ஆளுக்கொரு காரணம் இருந்தது. விலாசம் மட்டும் ஒன்று. டிசம்பரில் நத்தார் நெருங்கினால் எங்கள் கெல்லரில் சைக்கிள் வைக்க இடமில்லை. ஆண்டுவிழாவில் என்னை இப்போது கணித அறிவின் அவசியம் பற்றிப் பேச அழைக்கிறார்கள்.

பெட்டிகளைக் கீழே இறக்க அரன்தான் வருகிறான். மயூரியும் கூட வந்து, கெல்லர் படியில் நின்று, பொலிஸ்காரர் மாதிரிக் குரலை மாற்றிக்கொண்டு ஒவ்வொரு பெட்டிக்கும் கேட்பாள்: “மாமா, இது ஆற்றை?”

“என்ர,” என்பேன்.

“அதுக்குப் பக்கத்திலை கிடக்கிறது?”

“அதுவும் என்ரதான், பிள்ளை.”