மாடித் தொட்டியில் சம்பத்

ஊரில் வேறு மீன்கடையே இல்லாமல் போனாலும், சம்பத் கடை இருக்கும் திசையில் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சபதம் எடுத்தார் கள்ளிக்குப்பம் துலுக்கானம்.

செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தவரை, "இன்னா பெர்சு, மீனு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டான் சம்பத். கடையே சிரித்தது. பெண்டாட்டி ராஜம்மாவும் சிரித்தாள். அதுதான் எரிந்தது.

மொட்டைமாடியில் தொட்டி கட்டி ஜிலேபி மீன் விட்டார். மீன் அழுக்காக்கிய தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். ஜல்லித் தட்டில் முளைத்த கீரை அதைக் குடித்துக் கொழுக்கும். தண்ணீர் தெளிந்து தொட்டிக்கே திரும்பும். மண் வேண்டாம், உரம் வேண்டாம், முக்கியமாக சம்பத் வேண்டாம்.

இருந்ததில் கொழுத்த மீனுக்குக் கன்னத்தில் கறுப்பு மச்சம், சம்பத்துக்கு இருப்பது போலவே. அதற்கு அந்தப் பெயரையே வைத்தார். வளர்த்துத் தின்று பழிதீர்ப்பதாகத் திட்டம்.

"பேரு வெச்சி சோறு போட்டத எப்டியா அறுக்கறது?" என்றாள் ராஜம்மா.

"நீ அறுமே. நான் துண்றேன்."

ஞாயிற்றுக்கிழமை ராஜம்மா அவரை மாங்காய் வாங்க அம்பத்தூர் மார்க்கெட்டுக்கு விரட்டினாள். திரும்பி வந்தபோது மீன் துண்டாகி, மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

குழம்பானதும் துலுக்கானம் மீன் தலையை உறிஞ்சினார். முள்ளைக்கூட விடவில்லை.

"ஒழிஞ்சான்மே சம்பத்து! கடை மீன்ல இந்த ருசி வருமா?"

"எங்கிருந்துய்யா வரும்?" இன்னொரு துண்டு போட்டாள்.

மறுநாள் காலை தீனியோடு மாடி ஏறினார். கையை நீட்டியதும், மச்சமும் தானுமாக, வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தான் சம்பத்.

"ராஜம்மா! நேத்து நான் துண்ணது யாரு?"

"கடை மீனு. இத அறுத்துட்டா கீரைக்கு யாரு எரு போடறது? சம்பத்து ஊட்டுக்குத் தெனம் கீரை போவுது. பதிலுக்கு மீனு வருது."

"அடிப்பாவி! என் சபதம்?"

"அதுக்கு இன்னா கொறச்சல்? கடைக்கு நீயா போனே? நான்தான போனேன்."

"அவன் சிரிச்சிருப்பானே?"

"சிரிக்கல. கீரை சோக்கா கீதுன்னான். இன்னும் கொஞ்சம் சேத்துக் குடுத்தா வஞ்சிரம் தரானாம். வாணான்னுடவா?"

துலுக்கானம் வானத்தைப் பார்த்தார். கீரைத் தட்டைப் பார்த்தார். வஞ்சிரத்துக்கு இது பத்தாது என்று பட்டது.

குனிந்து, சம்பத்துக்கு இன்னொரு பிடி தீனி போட்டார்.