பந்தியண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டர்

சாப்பிட உட்கார்ந்தவனைப் பாதியில் எழுப்புவதைவிடப் பெரிய பாவம் கிடையாது என்று நம்புகிறவர்கள் தஞ்சாவூர்ப் பக்கம் நிறையப் பேர் உண்டு. அந்தச் சட்டத்தைக் கம்ப்யூட்டருக்கும் போட்டவர் பூமண்டலத்திலேயே எங்கள் பந்தியண்ணன் ஒருவர்தான்.

மன்னார்குடியில் நான் மாடியில் குடியிருக்கிறேன். கீழே வீட்டுக்காரர் பந்தியண்ணன். பிழைப்புக்கு உரக்கடை, பிறவி எடுத்ததோ பந்தி விசாரிப்பதற்கு. யார் வீட்டுக் கல்யாணமானாலும், அழைப்பு வந்ததோ இல்லையோ, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இலை இலையாகக் குனிந்து, "சாம்பார் வந்துதா? கூச்சப்படாதீங்க" என்று கேட்டுக்கொண்டே போவார். நிஜப் பெயரைச் சொன்னால் தபால்காரரே முழிப்பார்.

ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் நெருங்கிவிட்டது. தவில்காரரோ பந்தியில். பெண்ணின் அப்பா ஓடி வந்தார்.

"அண்ணே, அவரை அனுப்புங்க, கெட்டிமேளம் கொட்டணும்!"

"அவருக்கு இன்னும் மோர் போகலை."

"முகூர்த்தம் தப்பிடும்ணே!"

"தாலி எங்க ஓடிப்போவுது? பாதி வயித்தோட கொட்டுனா மேளம் விளங்குமா?"

மோர் வந்த பிறகுதான் தவில்காரருக்கு விடுதலை. அந்தக் கல்யாண வீடியோவில் கெட்டிமேளத்துக்கு நடுவே ஓர் ஏப்பம் இன்றைக்கும் தெளிவாகக் கேட்கும்.

இப்படிப்பட்டவருக்கு, புனேவில் வாழ்க்கைப்பட்ட மகள் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நாள் அது பறந்தது. அப்புறம் ஒரு பக்கம் திறப்பதற்குள் அண்ணன் குளித்துவிட்டே வந்துவிடலாம் என்றானது. அவர் பார்க்காத வைத்தியம் இல்லை. மவுஸை மாற்றினார். வைஃபை பெட்டியைப் பீரோ மேல் ஏற்றினார். அங்கிருந்து வாசல் நிலைக்கு மேல் கொண்டுபோய், கண்திருஷ்டிக்கு ஓர் எலுமிச்சம்பழமும் கட்டினார். எனக்கும் அதே வைஃபைதான். மாடியில் நான் போனைத் தொட்டால் போதும், கீழேயிருந்து குரல் வரும்: "தம்பி, உங்க மடையைக் கொஞ்சம் அடைங்க, இங்க தண்ணி பாயல!" லைன் பார்க்க வந்தவர், "லைன்ல ஒண்ணும் இல்லீங்க" என்று கையை விரித்தார். அவருக்கும் அண்ணன் இலை போட்டு, மோர்வரைக்கும் உட்காரவைத்துத்தான் அனுப்பினார்.

வியாதி பிடிபட்டது ஒரு காலையில். மகளுக்குப் பிரசவ நேரம். துணைக்கு அண்ணி முன்னாலேயே போயிருந்தார். திடீரென்று டாக்டர், இந்த வாரமே ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். "நீங்களும் வந்துடுங்கப்பா" என்று மகள் போனில் அழுதிருக்கிறாள். பதினொரு மணிக்கு ரயிலுக்குத் தட்கல் திறக்கும். "தம்பீ!" என்று அண்ணன் போட்ட சத்தத்தில், பாதி ஷேவிங்கில் நான் கீழே இறங்கினேன்.

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அதே வைஃபையில் என் போனில் டிக்கெட் பக்கம் சட்டென்று திறந்தது. ஆக, கோளாறு கம்ப்யூட்டருக்குள்தான். போனிலேயே டிக்கெட் போடலாமென்றால், பாஸ்வேர்டை மகள் கம்ப்யூட்டரிலேயே பதிந்து வைத்துவிட்டாள், அண்ணனுக்குத் தெரியாது. அவளோ ஸ்கேன் அறைக்குள்; போனை எடுக்கவில்லை. நான் ஜென்மத்தில் பஸ்ஸைத் தவிர எதிலும் ஏறாதவன். ரயில் டிக்கெட் போட எனக்குக் கணக்கே கிடையாது.

அப்போதுதான் திரையின் மேல்விளிம்பைக் கவனித்தேன். திறந்த பக்கங்கள் பெயர்கூடத் தெரியாமல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"இதெல்லாம் என்னண்ணே?"

"வந்தவங்க."

"வேலை முடிஞ்சா மூட வேண்டாமா?"

"நாமதானே கூப்பிட்டோம்? வந்து உக்காந்தவங்கள மூஞ்சியில அடிச்ச மாதிரி மூடுறதா? நல்லா இருக்கு தம்பி!"

"சரி, ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு..."

"விருந்தாளி இருக்கறப்ப வீட்டுல விளக்கை அணைப்பாங்களா?"

ஒருநாள் கரண்ட் போய் வந்தபோது, பழைய பக்கங்களைத் திரும்பத் திறக்கட்டுமா என்று கம்ப்யூட்டரே கேட்டதாம். "ஒருத்தர் விடாம எல்லாரும் வந்துட்டாங்க தம்பி" என்றபோது அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் ஒன்றை மூடப்போனேன். கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உரமூட்டை தூக்கிய கை, விடுவிக்க முடியவில்லை. மணியோ பதினொன்றை நெருங்கியது. பயத்தில் எனக்கு ஞானம் பிறந்தது.

"அண்ணே, முதல் பந்தி எப்பவோ மோர் சாப்பிட்டாச்சு. கை காய்ஞ்சு போய் சும்மா கதை பேசிக்கிட்டு உக்காந்திருக்காங்க. ரெண்டாம் பந்தி நாற்காலிக்குப் பின்னால நிக்குது. நிக்கிறது யாரு? உங்க மக!"

அண்ணன் முகம் மாறியது. துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "கை கழுவிக்கிறீங்களா?" என்று ஒவ்வொரு பக்கமாக விசாரித்து மூட ஆரம்பித்தார். யூரியா விலைக்கு ஒரு கும்பிடு. மேட்டூர் அணை நீர்மட்டத்துக்கு ஒரு கும்பிடு. பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு ஒரு கும்பிடு.

"மொத்தமா மூடிடலாம்ணே!" என்று கதறினேன்.

"மொத்தமா எழுப்புற பழக்கம் நம்மகிட்ட கிடையாது தம்பி."

கடைசியில் டிக்கெட் பக்கம் போக ஒன்று மிஞ்சியது. புனேவின் வானிலை. அவர் விரல் அங்கே நின்றுவிட்டது.

"இது மட்டும் இருக்கட்டும். பாப்பா இதை வாங்கி வெச்சிட்டுப் போன நாள்லேருந்து இருக்கு. இன்னும் மோர் போகலை."

வட்டம் நின்றது. டிக்கெட் பக்கம் பளிச்சென்று விரிந்தது. கிடைத்தது மேல்படுக்கை. முழங்கால் வலிக்காரரான அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை.

பேத்தி பிறந்தாள். கொஞ்சிவிட்டு வருகிறேன் என்று போனவர் அங்கேயே தங்கிவிட்டார். இந்தியும் மராத்தியும் தெரியாமலே அந்த அடுக்குமாடி விசேஷங்களில் எல்லாம் பந்தி விசாரிக்கிறாராம். இங்கே கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது. மடையை அடைக்கச் சொல்ல ஆளில்லாமல் எனக்கு வெறிச்சென்று இருக்கிறது.

போன வாரம் என் கம்ப்யூட்டர் நொண்டியது. பார்க்க வந்தவர், "தேவையில்லாத பக்கத்தையெல்லாம் மூடுங்க சார்" என்றார். ஒவ்வொன்றாக மூடினேன். புனேவில் இன்று மழை என்று காட்டிய பக்கத்தின்மேல் மட்டும் கை போகவில்லை. இருக்கட்டும், எங்கள் அண்ணனுக்கு இன்னும் மோர் போகலை.