மாசத்துக்கு ஒரு ஊசியும் நீலக் கடல்பாசியும்

திருத்துறைப்பூண்டி,
12.11.2003

அன்பு மகள் ஷமீராவுக்கு, அத்தா கமாலுதீன் ஸலாத்துடன் எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மா ஜன்னத் பீவியும் இங்கே சுகம். ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளை ஹம்தானும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறோம். நல விசாரிப்பு இத்தோடு முடிந்தது. இனி வருவதெல்லாம் புகார்.

லேபில் நீ செய்யும் மருந்தைப் பற்றி எழுதியிருந்ததை நாலு தடவை படித்தேன். சிரிஞ்சுக்குள் தண்ணீர் மாதிரி ஓடுமாம், தோலுக்கடியில் போனதும் உடம்புச் சூட்டில் ஜெல்லாக உறையுமாம், உள்ளே இருக்கும் மருந்தை ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டுத் தானே கரைந்துபோகுமாம். "அத்தா, சர்க்கரைக்குத் தினமும் ஊசி வேணாம், மாசத்துக்கு ஒண்ணு போதும்" என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன். ஜெல்லுன்னதும் உங்கம்மா நோன்புக்குக் காய்ச்சற கடல்பாசிதான் ஞாபகம் வந்தது. அவ அசர் தொழுதுக்கிட்டு இருந்த நேரம் பாத்து நானே காய்ச்சி, மருந்துக்குப் பதிலா என் பேனாவோட நீல மை கால் பாட்டிலைக் கலந்து தட்டுல ஊத்தினேன். நம்மது ஆறினா உறையுது, உன்னது சூட்டுல உறையுதுங்கிறே, அதுவே எனக்குத் தலைகீழாத்தான் படுது. உறைஞ்சதும் ஒரு துண்டைத் தண்ணி டம்ளர்ல போட்டு, மை எவ்வளவு மெதுவா இறங்குதுன்னு ரூம்ல வாட்சும் கையுமா உக்காந்துட்டேன். மீதித் தட்டு அடுப்பங்கரையிலேயே இருந்துச்சு. அன்னிக்குன்னு பாத்து நன்னிலத்துலேர்ந்து உன் மாமனார் இப்ராஹிம் நோன்பு திறக்க வந்துட்டார். நோன்பு வச்சிருக்கிறவ ருசி பாக்க முடியுமா, நான் ரூமை விட்டு வர்றதுக்குள்ள உங்கம்மா டைமண்டு டைமண்டா வெட்டி அவர் முன்னால வச்சுட்டா. சம்பந்தி வீட்டுப் பண்டமாச்சே, மனுஷன் முகம் சுளிக்காம மூணு துண்டு தின்னுட்டு "புது ருசியா இருக்கு"ன்னார். பள்ளிவாசல்ல மஃரிபு தொழுது முடிச்சு ஸலாம் கொடுக்கத் திரும்பினப்ப, நீலம் பாரிச்ச அவர் உதட்டைப் பாத்த பக்கத்து ஆள், பாம்பு தீண்டிடுச்சுன்னு ஆட்டோவுக்கே ஆள் அனுப்பிட்டார். "முப்பது வருஷத்துல அடுப்புப் பக்கம் வராதவரு ஆசையா செஞ்சிருக்காரேன்னு மொத்தத்தையும் சம்பந்திக்கே வச்சேனே"ன்னு உங்கம்மா அழறா.

மை ஒரு மணி நேரத்துலயே பாதி இறங்கிடுச்சு. ஒரு மாசம் தாங்க வைக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லைன்னு புரிஞ்சுது, உன்னை நினைச்சுப் பெருமையா இருந்துச்சு. ஆனா கேட்டுக்க. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் பண்ணி "அத்தா, ஊசி போட்டுக்கிட்டீங்களா?"ங்கிறே. அரை நிமிஷம்தான். அதுக்கு ஆறரைக்கே போன் பக்கத்துல சேரைப் போட்டு உக்காந்துடறேன், உங்கம்மாவைக்கூட எடுக்க விடறதில்லை. மாசத்துக்கு ஒரு ஊசின்னா மாசத்துக்கு ஒரு கேள்விதானே வரும்? மத்த இருபத்தொன்பது நாளும் நான் என்ன பண்றது? உன்னைப் பாத்து மூணு வருஷம் ஆச்சு. ரொம்பத் தேடுது புள்ளே. அந்த ஜெல்லை ஊரு உலகத்துக்கெல்லாம் கொடு, எனக்கு மட்டும் தினசரி ஊசியே இருக்கட்டும்.

மாப்பிள்ளைக்கு என் ஸலாம். நீ கையில் எடுத்த காரியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

உன் அத்தா

பி.கு.: நோன்பு மாசத்துல பொய்யை உள்ள வச்சுக் கவரை ஒட்ட மனசு வரலை. சர்க்கரையால வந்த கால் புண் ஆறினதும் ஆகஸ்டுலயே டாக்டர் ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாத்திட்டார். வேற என்ன கேக்கறதுக்காக நீ தினமும் கூப்பிடுவேன்னு எனக்குத் தெரியலை. அதான் "போட்டுக்கிட்டேம்மா"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். இது கிடைச்ச அன்னிக்கும் ஏழு மணிக்குக் கேளு.